கையேடு கேட்கும் 20 பாகையும் மரக்காணத்துத் தண்ணீர்த் தொட்டியும்

ஒரு விஞ்ஞானக் கையேட்டை மதிப்பிடுவது எப்படி? அதில் உள்ள செய்திகள் சரியா என்று பார்ப்பது ஒரு முறை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை செய்யும் இடத்துக்குப் போய், அது சொல்லுகிறபடி அங்கே செய்ய முடியுமா என்று பார்ப்பது இன்னொரு முறை. பாடநூலுக்கு முதல் சோதனை போதும். நோய்த் தடுப்பு நூலுக்கு இரண்டாவது சோதனையும் வேண்டும்.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது இரண்டு நூல்கள். ஒன்று, உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட, லெஜியோனெல்லா கிருமியையும் அது தரும் நோயைத் தடுப்பதையும் பற்றிய நூல். மற்றொன்று, பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்டு, 'எல் 8' என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் நடைமுறை விதித் தொகுப்பு. இதன் நான்காம் பதிப்பு 2013-இல் வந்தது; செய்முறை விளக்கங்கள் துணைக் கையேடுகளில் உள்ளன. வேலைத்தலங்களின் நீர் அமைப்புகளிலிருந்து நுரையீரல் நோய் பரவாமல் தடுப்பது பற்றி உலகெங்கும் பொறியாளர்கள் புரட்டும் நூல்கள் இவை. இரண்டையும் விலையின்றிப் பெறலாம்.

இவற்றை விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கடற்கரையில் வைத்துப் படித்துப் பார்ப்போம். இக்கடற்கரையில் இந்நோய் பரவிவிட்டது என்று அச்சமூட்டுவது நம் நோக்கமன்று. வெயிலும் உவர்நீரும் நிறைந்த ஒரு தொழில் ஊருக்கு இந்நூல்கள் எவ்வளவு தூரம் பயன்படும், எங்கே கைவிடும் என்று காண்பதே நோக்கம்.

நோய் வந்த வரலாறு

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பெல்வியூ-ஸ்ட்ராட்போர்டு என்னும் ஓட்டலில், அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடந்தது. மாநாடு முடிந்து ஊர் திரும்பியவர்கள் காய்ச்சலிலும் நிமோனியாவிலும் விழுந்தார்கள். ஓட்டலுக்கு வந்துபோன மற்றவர்களையும் சேர்த்து 221 பேர் நோயுற்றனர்; 34 பேர் இறந்தனர். பல மாதங்கள் காரணம் தெரியவில்லை. அட்லாண்டாவிலுள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி, முன்பு ஒதுக்கி வைத்த கண்ணாடித் தகடுகளை மீண்டும் நுண்ணோக்கியில் பார்த்துக் கிருமியைக் கண்டார். 1977 ஜனவரியில் செய்தி வெளியாயிற்று. 1979-இல் அதற்கு லெஜியோனெல்லா நியூமோபிலா என்று பெயரிட்டார்கள்.

கிருமி புதியதன்று; கண்டுபிடிப்புத்தான் புதியது. 1968-இல் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் ஊரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் 144 பேருக்குத் திடீர்க் காய்ச்சல் கண்டது. யாரும் இறக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்த இரத்த மாதிரிகளைப் பின்னர் சோதித்தபோது, அதற்கும் இந்தக் கிருமியே காரணம் என்று தெரிந்தது. அந்த அலுவலகம் எது தெரியுமா? அந்த வட்டாரத்தின் சுகாதாரத் துறை அலுவலகம். கட்டடத்தைக் குளிர்விக்கும் எந்திரத்தின் நீர்த்திவலை காற்றுக் குழாய்க்குள் புகுந்திருந்தது. விசாரிக்கச் சென்றவர்களில் சிலரும் படுத்துவிட்டார்கள். சுகாதாரம் பேசுகிறவர்களின் கட்டடமும் இதற்கு விலக்கில்லை என்பதை நினைவிற் கொள்ளலாம்.

கிருமி வாழும் வகை

லெஜியோனெல்லா ஆற்றிலும் குளத்திலும் ஈரமண்ணிலும் இயல்பாக வாழ்வது. அங்கே அது சிறு தொகையில் இருக்கும், தீங்கும் அரிது. மனிதன் அமைத்த தொட்டி, குழாய், குளிர்விப்புக் கோபுரம் ஆகியவற்றுள் புகுந்தால்தான் பெருகுகிறது. ஏறத்தாழ 20 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே அது உறங்கிக் கிடக்கும். 25 முதல் 45 வரை அதற்கு நல்ல காலம். 35 பாகையை ஒட்டி மிக நன்றாக வளரும். 50 பாகையில் சில மணி நேரத்திலும், 60 பாகையில் சில நிமிடங்களிலும் மடியத் தொடங்கும்.

குழாயின் உட்புறத்தில் விரலால் தொட்டால் வழவழப்பாக ஒரு படலம் தெரியுமே, அதுதான் அதன் வீடு. அப்படலத்தில் அமீபாக்கள் மேய்கின்றன. அமீபா மற்ற பாக்டீரியாக்களை விழுங்கிச் செரித்துவிடும். லெஜியோனெல்லாவை விழுங்கினால், அது அமீபாவின் உடலுக்குள்ளேயே பெருகி, உறையைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். 1980-இல் இங்கிலாந்தின் ரோபாதம் இதை எடுத்துக் காட்டினார். நம் நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களிடமும் லெஜியோனெல்லா இதே வித்தையைச் செய்கிறது. அமீபாவின் கடினமான உறைக்குள் பதுங்கியிருக்கும் கிருமியைச் சாதாரண அளவுக் குளோரின் எளிதில் தொட முடியாது.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயாகக் கருதப்படுவதில்லை. கிருமியுள்ள நீர், கண்ணுக்குத் தெரியாத நுண்திவலையாகிக் காற்றில் மிதந்து மூச்சில் புகவேண்டும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் தடுப்பு முறை முழுவதும் விளங்கிவிடும். கிருமி பெருகுவதற்கு இளஞ்சூடும் தேக்கமும் படலமும் வேண்டும். நோயாக மாறுவதற்குத் திவலை வேண்டும். அதைச் சுவாசிக்க ஒரு மனிதன் அருகில் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தாலும் போதும்.

நூல்களின் சிறப்பு

இந்தச் சங்கிலியை இரு நூல்களும் தெளிவாகச் சொல்லுகின்றன என்பதை முதலில் பாராட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவன நூல் கிருமியின் இயல்பு, குழாய் அமைப்பு, குளிர்விப்புக் கோபுரம், மருத்துவமனை, கப்பல், நீர்ச்சுழல் தொட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, எங்கே ஆபத்து பிறக்கிறது என்று காட்டுகிறது. கடைசியில் ஒரு சோதனை எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடையாமல், நீர் வரும் வழி முழுவதையும் காவல் செய்யும் திட்டம் வகுக்கச் சொல்லுகிறது. இது சரியான அறிவுரை.

பிரிட்டிஷ் தொகுப்பின் சிறப்பு வேறு. அது பொறுப்பை ஓர் ஆளின் தலையில் வைக்கிறது. வேலை கொடுப்பவர் ஆபத்தை மதிப்பிட வேண்டும். திறமையுள்ள ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும். எழுத்தில் திட்டம் வேண்டும். செய்ததைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். 'எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற பொதுவான சொல்லுக்கு அதில் இடமில்லை. நம் ஊர்களில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது யார் வேலை என்று கேட்டால் நான்கு பேர் நான்கு திசையைக் காட்டுவதுண்டு. அந்த வகையில் இத்தொகுப்பு நமக்கு வேண்டிய பாடத்தையே கற்பிக்கிறது.

20 பாகை எங்கே கிடைக்கும்?

குறை எங்கே தொடங்குகிறது? வெப்பநிலையில் தொடங்குகிறது.

பிரிட்டிஷ் முறையின் உயிர்நாடி இது: வெந்நீரை 60 பாகைக்குக் குறையாமல் சேமித்து, குழாய்முனையில் 50 பாகைக்கு மேல் தர வேண்டும், குளிர்நீரை 20 பாகைக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவன நூல் சற்று இறங்கி வந்து, குளிர்நீர் 25 பாகைக்குக் கீழே, முடிந்தால் 20-க்குக் கீழே என்கிறது.

லண்டனில் குழாயைத் திறந்தால் 20 பாகைக்குக் குறைந்த நீர் வருவது இயல்பு. அங்கே குளிர்நீரைக் குளிராக வைத்திருக்க இயற்கையே பாதிக் கூலி கொடுத்துவிடுகிறது. மரக்காணத்தில் மார்கழி விடியலில்கூடக் குழாய் நீர் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. சித்திரை, வைகாசியில் மாடியில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் நீர் பிற்பகலில் கையைச் சுடும். காலையிலும் மாலையிலும் அது நிற்பதோ லெஜியோனெல்லாவுக்கு உகந்த இளஞ்சூட்டில். நம் ஊரில் 'பச்சைத் தண்ணீர்' என்று சொல்லுவது, கையேட்டின் கணக்கில் அபாய எல்லைக்குள் இருக்கும் நீர். அதாவது, கையேடு வரைந்த கட்டத்தில் ஆண்டின் 365 நாளும் நாம் சிவப்புக் கோட்டுக்கு மேலேயே நிற்கிறோம்.

ஒரு விதியை யாராலும் நிறைவேற்ற முடியாது என்றால் என்ன நடக்கும்? நேர்மையானவர் கைவிட்டு விடுவார். மற்றவர் பதிவேட்டில் 19 என்று எழுதி வைப்பார். இரண்டும் நோய்க்கு நன்மை. வெப்ப நாடுகளுக்கென்று ஒரு தனி அத்தியாயம் எழுதி, 'குளிர்ச்சி என்ற காவலன் உங்களுக்கு இல்லை. ஆகவே மற்றக் காவலர்களை இரட்டிப்பாக்குங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். வெப்ப நாட்டவரும் படிக்கும் நூலில் இது சிறு குறையன்று.

குளிர்ச்சி இல்லாத இடத்தில் எஞ்சியிருக்கும் காவலர்கள் யார்? நீரைத் தேங்க விடாமை. தொட்டியின் அடிச் சேற்றையும் சுவர்ப் படலத்தையும் தேய்த்து நீக்குதல். கடைசிக் குழாய் வரை குளோரின் எச்சம் இருக்கிறதா என்று பார்த்தல். திவலை எழாமல் அமைத்தல். நம்மைப் போலவே வெப்பமான சிங்கப்பூர் இந்த வழியில்தான் சென்றது. குளிர்விப்புக் கோபுரங்களுக்கென 2001-இல் அங்கே தனி விதிகள் வந்தன. கோபுரம் வைத்திருப்பவர் முறைப்படி கழுவவும், கிருமி நீக்கவும், சோதிக்கவும் வேண்டும். பனி விழாத நாட்டிலும் ஒழுங்கைக் கொண்டுவர முடியும் என்பதற்கு அது சான்று.

உப்பளத்தில் ஆபத்து எது, எது அன்று?

இப்போது உப்பளத்துக்கு வருவோம். கழுவெளி ஏரியும் அதன் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் சூழ்ந்த இந்தப் பகுதியில், பாத்தி பாத்தியாக உவர்நீர் வெயிலில் காய்கிறது. இவ்வளவு இளஞ்சூடான, தேங்கிய நீர்ப்பரப்பைக் காணும் ஒருவர், கையேட்டைப் படித்த கையோடு, 'கிருமியின் சுவர்க்கம் இதுதான்' என்று அஞ்சக்கூடும். அச்சம் தேவையில்லை. கடல்நீரின் செறிவு ஏறத்தாழ 3 போமே பாகை. உப்பு விளையும் பாத்தியில் அது 24, 25 போமே பாகையைத் தாண்டிவிடும். லெஜியோனெல்லா நன்னீர்க் கிருமி. அத்தகைய உவர்நீரில் அது பெருகாது. மேலும், பாத்தி நீர் திவலையாகத் தெறித்து மூச்சில் புகுவதுமில்லை. உப்பளத் தொழிலாளியைக் காலில் புண்ணும் கண்ணில் கூச்சமும் வாட்டுகின்றன. அவை வேறு கணக்கு.

ஆபத்தைத் தேட வேண்டிய இடம் உப்பளத்தின் நன்னீர். இக்கடற்கரையில் நன்னீர் அருமையான பொருள். அருமையானதால் சேமிக்கப்படுகிறது, சேமிக்கப்படுவதால் நாட்கணக்கில் நிற்கிறது, நிற்பதால் சூடேறிக் குளோரினை இழக்கிறது. உவர் கலந்த கடின நீரானால் குழாயிலும் குளியல் பூவாளியிலும் சுண்ணப் படிவு கட்டுகிறது. அந்தப் படிவு கிருமிப் படலத்துக்குக் கூடாரம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தொட்டி நீரைக் குடித்தால் இந்நோய் வரும் என்று தொழிலாளரை மிரட்டக் கூடாது. நோய் முக்கியமாக மூச்சு வழியே வருவது. கொளுத்தும் வெயிலில் உப்பு வாருகிறவருக்குப் போதிய குடிநீர் கிடைக்காமையே கண்முன் நிற்கும் பெரிய ஆபத்து. லெஜியோனெல்லாவின் பெயரால் ஒரு குடம் நீர் குறைந்தாலும் அது அறிவியலுக்கு அவமானம்.

கையேடுகள் காணத் தவறிய இன்னொன்று, உப்பின் பருவம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் மூழ்கி வேலை நின்றுவிடும். இந்த மாதங்களின் வருமான இழப்புக்காகத்தான் உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் மழைக்கால உதவித் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் செயற்படுத்தியது. வேலை நிற்கும்போது, கைகால் கழுவும் இடத்துத் தொட்டியும் குழாயும் என்ன ஆகின்றன? ஐப்பசியில் நின்ற நீர் தை மாதம் வரை அப்படியே கிடக்கலாம். தையில் வேலை தொடங்கும் நாளில் முதல் ஆள் பூவாளியைத் திறக்கும்போது, மூன்று மாதத் தேக்கத்தின் திவலை அவர் முகத்தில் விழும்.

நெடுநாள் மூடிய கட்டடத்தைத் திறப்பதன் ஆபத்தை உலகம் 2020-இல், கொரோனா ஊரடங்கின்போது, பரவலாகப் பேசியது. குழாய்களைத் திறந்து பழைய நீரை வெளியேற்றச் சுகாதார நிறுவனங்கள் அறிவுறுத்தின. உப்பளக் கடற்கரைக்கு ஊரடங்கு ஆண்டுதோறும் வருகிறது. அதைச் சொல்லும் கையேடு வரவில்லை.

உப்பளத்தை ஒட்டி வேறு தொழில்களும் உள்ளன. மீன்பிடிக் கடற்கரைக்கு ஐஸ் வேண்டும். ஐஸ் கம்பெனிகளில் அம்மோனியாக் குழாய்களின் மேல் நீரைப் பொழிந்து வெப்பத்தை நீக்குவார்கள். இளஞ்சூடான நீர், சுழன்று சுழன்று வந்து, காற்றில் திவலையாகப் பறக்கிறது. பிலடெல்பியாவையும் பான்டியாக்கையும் நினைவூட்டும் அமைப்பு இதுவே. கிழக்குக் கடற்கரைச் சாலையின் பெரிய விடுதிகளில் குளிர்விப்புக் கோபுரமோ நீரூற்றோ இருந்தால் அவையும் இந்தப் பட்டியலில் சேரும். உப்பில் அயோடின் சேர்க்கும் ஆலைகளில் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளிக்கும் முறை உண்டு. அங்கே ஆபத்து பெரிது என்று கூறிவிட முடியாது. ஆயினும் நீரைத் தெளிக்கும் எந்த வேலையானாலும், தொட்டி மூடியிருக்கிறதா, நீர் புதியதா என்று கேட்பது நல்ல பழக்கம்.

மாறாக, வீட்டு ஏ.சி.யைக் குற்றவாளியாக்கும் பேச்சு தவறானது. சுவரில் மாட்டும் ஏ.சி. நீரைத் தெளித்துக் குளிர்விப்பதில்லை. அதிலிருந்து சொட்டும் நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்டது. பெரிய கட்டடங்களின் நீர்க் கோபுரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லாமல் 'குளிர்சாதனத்தால் வரும் நோய்' என்று எழுதுவது, திருடனை விட்டுவிட்டுத் திண்ணையில் இருப்பவனைப் பிடிப்பது போன்றது.

சட்டம் சொன்னதும் சோதனை சொல்லாததும்

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு வேரே இல்லை என்று எண்ண வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 15-ஆம் பிரிவு, செயற்கையாகக் காற்றில் ஈரம் ஏற்றும் ஆலைகளைப் பற்றியதாக இருந்தது. ஈரம் ஏற்றப் பயன்படும் நீர் பொதுக் குடிநீர் வழங்கலிலிருந்தோ வேறு குடிநீர் ஆதாரத்திலிருந்தோ எடுக்கப்பட வேண்டும். இல்லையேல் நன்கு தூய்மை செய்யப்பட வேண்டும் என்று அது விதித்தது. நூலாலைகளை மனத்தில் வைத்து எழுதிய விதி. லெஜியோனெல்லா என்ற பெயர் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 'தொழிலாளி மூச்சில் இழுக்கும் நீர் குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டும்' என்ற கொள்கை நம் சட்டப் புத்தகத்தில் ஏறியிருந்தது. ஐஸ் கம்பெனியின் திவலைக்கும் குளிர்விப்புக் கோபுரத்துக்கும் அதே கொள்கையை நீட்டுவதே அடுத்த படியாக இருந்திருக்க வேண்டும்.

ஆயினும் 'குடிநீர்த் தரம்' என்ற சொல்லிலும் ஒரு பொறி உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, 100 மில்லிலிட்டர் நீரில் ஈ. கோலையோ கோலிஃபார்ம் கிருமிகளோ இருக்கக் கூடாது என்கிறது. இவை மலக் கலப்பைக் காட்டும் அறிகுறிகள். காலராவையும் வயிற்றுப்போக்கையும் தடுக்க இச்சோதனை மிகச் சிறந்தது. லெஜியோனெல்லாவோ மலத்திலிருந்து வருவதன்று. சுத்தமான நீரிலும் குழாய்ப் படலத்தில் வளரும். ஆகவே கோலிஃபார்ம் இல்லை என்ற சான்றிதழை வைத்துக்கொண்டு இந்நோய்க்கு அஞ்ச வேண்டாம் என்று முடிவு கட்டுவது பிழை. வயிற்றுக்கான சோதனை நுரையீரலுக்குச் சாட்சி சொல்லாது.

காகிதமும் கைவேலையும்

பதிவேட்டை வலியுறுத்தும் பிரிட்டிஷ் தொகுப்பு, பிரிட்டனில் நோயை ஒழித்துவிட்டதா? 2002-இல் அந்நாட்டின் பாரோ-இன்-பர்னஸ் நகரில், நகராட்சிக்குச் சொந்தமான கலையரங்கக் கட்டடத்தின் குளிர்சாதன அமைப்பிலிருந்து நோய் பரவி 7 பேர் இறந்தனர். விதி இருந்தது, கோபுரத்துக்கு நீர்ச் சுத்திகரிப்பு செய்வதற்கான ஒப்பந்தம் நின்றுபோயிருந்தது. ஒரு செலவுக் கணக்கில் ஒரு வரியை அடித்ததன் விலை அது.

பிரான்சின் வடபகுதியில், ஆர்ன் என்ற ஊரில், 2003 நவம்பர் முதல் 2004 ஜனவரி வரை நடந்தது இன்னும் கூர்ந்து நோக்கத் தக்கது. ஒரு பெட்ரோ வேதியியல் ஆலையின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து பரவிய கிருமியால் 86 பேர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். ஆலையிலிருந்து 6 கிலோமீட்டருக்கு அப்பாலும் நோயாளிகள் இருந்தனர். முதல் அலை ஓய்ந்தபோது கோபுரத்தை உயர் அழுத்த நீரால் பீய்ச்சிக் கழுவினார்கள். அந்தக் கழுவலே கிருமியைக் காற்றில் ஏற்றி இரண்டாம் அலையைக் கிளப்பியது என்று ஆய்வாளர் கண்டனர்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். வேலைத்தலத்தின் திவலை வேலியைத் தாண்டும். அது தொழிலாளியின் பிரச்சினையாக மட்டும் நிற்காது, ஊரின் பிரச்சினையாகும். அடுத்து, தூய்மை செய்பவர் கிருமிக்கு மிக அருகில் நிற்பவர். நம் ஊரில் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுகிறவர் பெரும்பாலும் தினக்கூலிக்கு அழைத்து வரப்படுபவர். பதிவேட்டில் அவர் பெயரே இராது. முதலில் குளோரினால் கிருமி நீக்கி, நீரை வடித்து, பின் பீய்ச்சாமல் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்ப்பவருக்குத் தகுந்த முகமூடி தர வேண்டும். கையேடுகளில் பாதுகாப்பு உடை பற்றிய குறிப்புகள் உண்டு. ஒப்பந்தக்காரரும் அடையாள அட்டையும் இல்லாத நாட்டுப்புற வேலைமுறை அவற்றின் கண்ணில் படவில்லை.

தேடினால் தெரியும் நோய்

'இந்தியாவில் இந்த நோய் இல்லையே, எதற்கு இவ்வளவு பேச்சு?' என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. டில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து ஆய்வாளர்கள் நிமோனியா நோயாளரிடத்தும் மருத்துவமனை நீரிலும் லெஜியோனெல்லாவைக் கண்டு எழுதியுள்ளனர். ஆனால் நாட்டின் பெரும்பாலான மருத்துவமனைகளில் இதற்கான சோதனை வழக்கத்தில் இல்லை. சாதாரண வளர்ப்புத் தட்டில் இக்கிருமி வளராது. கரித்தூளும் ஈஸ்ட்டுச் சாறும் கலந்த தனி ஊடகம் வேண்டும். சிறுநீர்ச் சோதனை எளிது. ஆனால் அது முக்கியமாக லெஜியோனெல்லா நியூமோபிலாவின் முதல் வகையை மட்டுமே காட்டும். சோதனை இல்லாத இடத்தில் நோயாளி வெறும் 'நிமோனியா' என்று பதிவாவார். பெனிசிலின் வகை மருந்துகள் இக்கிருமியை வெல்லா. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவை வெல்லும். ஆகவே பெயர் தெரியாமை ஏட்டுக் குறை மட்டுமன்று, உயிர்க்குறை.

மெலியாய்டோசிஸ் என்னும் நோயின் கதை இங்கே உதவும். மண்ணிலும் நீரிலும் வாழும் வேறொரு பாக்டீரியா தருவது அது, நுரையீரலைத் தாக்கும், நீரிழிவு உள்ளவரை அதிகம் வருத்தும். 1911-இல் ரங்கூன் மருத்துவமனையில் ஆல்பிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் அதைக் கண்டு, 1912-இல் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் எழுதினார்கள். பக்கத்து நாட்டில் கண்ட நோய், எண்பது ஆண்டுக் காலம் இந்தியாவில் அரிது என்றே எண்ணப்பட்டது. 1990-களுக்குப் பின் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தேடத் தொடங்கியதும் நோயாளிகள் தெரிய வந்தார்கள். கிருமி புதிதாகக் குடிபுகவில்லை. நம் கண் திறந்தது, அவ்வளவுதான். லெஜியோனெல்லாவிலும் 'இல்லை' என்பதற்கும் 'பார்க்கவில்லை' என்பதற்கும் உள்ள இடைவெளியை மறக்கக் கூடாது.

வேண்டிய கையேடு

மேற்சொன்ன இரு நூல்களையும் எடுத்தெறியச் சொல்லவில்லை. அவற்றின் தத்துவம் உறுதியானது. அளவுகோல் வேற்று நாட்டுத் தட்பவெப்பத்தில் வார்த்தது. அப்படியே தமிழாக்கினால் பயனில்லை. நம் கடற்கரைத் தொழிலகங்களுக்கு நான்கு பக்கத்தில் ஒரு சிறு கையேடு போதும். அதில் இருக்க வேண்டியவை இவை:

தொட்டிக்கு மூடியும் நிழலும் வேண்டும். கறுப்புத் தொட்டியின் மேல் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டாலும் சூடு குறையும். தேவைக்கு மேல் பெரிய தொட்டி வைப்பது சேமிப்பன்று, தேக்கம்.

வாரம் ஒருமுறை, பயன்படாத குழாய்களை எல்லாம் சில நிமிடம் திறந்துவிட வேண்டும். நீர் அருமையான ஊர் என்பதால், அந்நீரை வாளியில் பிடித்துக் கழுவும் வேலைக்குப் பயன்படுத்தலாம். பயன்பாடே இல்லாத குழாயை வெட்டி அடைத்துவிடுவது மேலும் நல்லது.

மழைக்காலம் தொடங்குமுன் தொட்டியை வடித்து உலர விட வேண்டும். தையில் திறக்கும்போது தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர்க் கரைசலைக் கடைசிக் குழாய் வரை செலுத்தி நிறுத்தி வைத்து, பின் வெளியேற்றி, அதன் பிறகே தொழிலாளரை அழைக்க வேண்டும்.

கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. ஊராட்சிகளில் பயன்படும் சிறு குளோரின் சோதனைப் பெட்டியே இதற்குப் போதும். பிளீச்சிங் பவுடர் வெயிலிலும் ஈரத்திலும் வீரியம் இழக்கும். பழைய மூட்டையை நம்பக் கூடாது.

கைகால் கழுவத் திவலை எழுப்பும் பூவாளியைவிடச் சாதாரணக் குழாயே மேல். பூவாளி இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் படிவு நீக்க வேண்டும்.

ஐஸ் கம்பெனியிலும் விடுதியிலும் நீர்க் கோபுரம் இருந்தால், திவலைத் தடுப்பான் பொருத்தி, பெயர் குறித்த ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, லெஜியோனெல்லாச் சோதனையும் செய்ய வேண்டும். செலவு உண்மையில் தேவைப்படும் இடம் இது ஒன்றே. மற்றவற்றுக்கு உடலுழைப்பும் ஒழுங்கும் போதும்.

நிமோனியா கண்ட தொழிலாளி மருத்துவரிடம் 'எங்கே வேலை செய்கிறேன், அங்கே நீர் தெளிக்கும் எந்திரம் உண்டா' என்று சொல்லவும், மருத்துவர் அதைக் கேட்கவும் பழக வேண்டும். ஒரே இடத்தில் வேலை செய்யும் இருவருக்குச் சில நாட்களுக்குள் நிமோனியா வந்தால், நீரைச் சோதிக்காமல் விடக் கூடாது.

மாணவர்கள் இதைத் தம் பள்ளியிலேயே தொடங்கலாம். ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு, பள்ளித் தொட்டியின் நீரைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை, ஒரு மாதம் அளந்து குறித்து வாருங்கள். கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் நாளில் குழாயில் வரும் முதல் நீரை யார் வெளியேற்றுகிறார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் அட்டவணையில் எத்தனை நாள் நீர் 25 பாகைக்குக் கீழே இறங்கியது என்று எண்ணிப் பார்த்தால், உலகக் கையேட்டில் எந்தப் பக்கம் நமக்காகத் திருத்தி எழுதப்பட வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.